கூட்டை ஒட்டலாம், தண்டை ஒட்டக்கூடாது

பழைய பிக்கப் வண்டிக்குப் பின்சக்கரம் அகலமாக இருந்தால்தான் அழகு. இதில் எனக்கும் என் தம்பி மெர்லுக்கும் ஒருநாளும் கருத்து வேறுபாடு வந்ததில்லை. உட்காருங்கள் டெபுடி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும், இதில் உட்காருங்கள். போலீஸ் ஆபீஸிலிருந்து நீங்கள் கேட்க வந்ததை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் புரியும். இந்த ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

அது எங்கள் அப்பாவின் வண்டி. அறுபத்தெட்டாம் வருஷம் வாங்கியது. கோதுமை ஏற்றி ஏற்றித் தேய்ந்து, அவர் போன பிறகு கொட்டகையில் கோழி அடையும் இடமாகக் கிடந்தது. மெர்ல் அதை வெளியே இழுத்துவந்து துரு நீக்கி, கண்ணாடி மாற்றி, நீல வண்ணம் அடித்தான். பிறகு எங்கிருந்தோ ஒரு ஜோடி சக்கரம் வாங்கிவந்தான். ஒவ்வொன்றும் திருகைக்கல் கனம், அவ்வளவு அகலம். சக்கரத்தை மூடும் பக்கத் தகரத்துக்குள் அடங்கவில்லை. ஒன்று தகரத்தை வெட்ட வேண்டும், இல்லையென்றால் பின் அச்சைக் குறுக்கிச் சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டும். தகரத்தை வெட்டுகிறவனை நாங்கள் மெக்கானிக் என்றே சொல்வதில்லை.

அச்சைக் குறுக்குவது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். வெளியே இருக்கும் குழாய் கூடு. அதை இரண்டு முனையிலும் அறுத்து, வேண்டாததை எடுத்துவிட்டு, முனைகளை நேர்பிடித்துப் பற்றவைக்கலாம். அது மெர்லின் வேலை, அவன் கை நேர். உள்ளே சுற்றுவது தண்டு. அதை நான் லேத்தில் பிடித்துக் குறைத்து, முனையில் புதிதாகப் பல் வெட்டுவேன். கூட்டை ஒட்டலாம், தண்டை ஒட்டக்கூடாது. சக்கரத்தைச் சுழற்றுவதே அந்தத் தண்டுதான். ஒட்டுப்போட்டால் சூடு பட்ட இடம் உளுத்துப்போகும். அதிலும் இந்த வண்டியில் தண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது உள்முனையில் ஒரு சின்னக் கொக்கிதான். நடுவில் முறிந்தால் சக்கரம் பாதித் தண்டோடு கழன்று வெளியே போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். அப்பா போகும்போது மெர்ல் பள்ளிக்கூடத்துப் பையன். சோறு பொங்கிப் போட்டு, காய்ச்சலுக்குக் கண்விழித்து, தொழில் சொல்லிக் கொடுத்து ஆளாக்கியது நான். நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவனும் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் ஒரு பட்டறை, ஒரு அடுப்பு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தலை நரைத்த பிறகு ஒரு தேவாலய விருந்தில் அவனுக்குப் பக்கத்தில் ட்வைலா வந்து உட்கார்ந்தாள்.

அவளைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்ல மாட்டேன். விதவை, கலகலப்பானவள், சமையலில் கைகாரி. கல்யாணம் முடிந்து இங்கேதான் இருந்தார்கள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மெர்ல், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, அரிசோனாவுல ட்வைலாவோட அக்கா நோர்மா ஒரு மோட்டல் நடத்துறா. ஆள் இல்லாம திண்டாடுறா. நாங்க அங்க போய்டலாம்னு பாக்குறோம். வண்டி ரெடியானதும் கிளம்பிடுவோம்."

வண்டி ரெடியானதும். அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். வண்டி ரெடியாகாத வரை அவன் இங்கே இருப்பான், அவ்வளவுதானே. கூட்டை அவன் முடித்துவிட்டான். தண்டு என் கையில். லேத்துக்கு பெல்ட் சரியில்லை என்றேன். வெட்டும் கத்தி மழுங்கிவிட்டது என்றேன். அறுவடை நேரம், ஊரார் இயந்திரமெல்லாம் வந்து நிற்கிறது என்றேன். அது உண்மையும்கூட. ட்வைலா பட்டறை வாசலில் வந்து நின்றுகொண்டு சிரிப்பாள்.

"பெரியவரே, இந்த ஆக்சில் முடியறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்போல இருக்கே. அப்புறம் அங்க போய்க் கஞ்சிதான் குடிக்கணும்."

"நல்ல வேலைக்கு நாள் ஆகும், ட்வைலா."

"நாளா? நாத்து நட்டிருந்தா இந்நேரம் அறுத்திருக்கலாம்."

மெர்லும் சேர்ந்து சிரித்தான். என்னைப் பார்த்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சுருக்கென்றது.

கடைசியில் தண்டுகளை அறுத்தே ஆகவேண்டிய நாள் வந்தது. இங்கேதான் அந்தத் தவறு. அது உண்மையான தவறு, அதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். இந்த அச்சில் பல்சக்கரக் குடம் நட்டநடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். அதனால் இரண்டு தண்டும் ஒரே நீளம் கிடையாது. மொத்த அகலத்தை அளந்து பாதியாகப் பிரித்து அறுப்பவன் புதுப்பயல். இத்தனை காலத்துக்குப் பிறகு நான் அப்படி அறுத்தேன். கவனம் எங்கேயோ இருந்தது. ஒரு தண்டு குட்டையாகிவிட்டது. அறுத்ததை வளர்க்க முடியாது. புதுத் தண்டுதான் சொல்லி வரவழைக்க வேண்டும்.

எனக்கு வருத்தமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் சில வாரம் கிடைத்ததே என்றுதான் இருந்தது. சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. ட்வைலா பேசிக்கொண்டிருந்தாள்.

"மெர்ல், உங்கண்ணன் முடிச்சுத் தரமாட்டாரு. அவருக்கு மனசு இல்ல, அது எனக்குப் புரியுது, பாவம். இந்த வாரமும் ஆகலைன்னா என் கார்லயே போயிடுவோம். வண்டி கிடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

மெர்ல், "சரி. அதுவும் நல்ல யோசனைதான்" என்றான்.

பாவம் என்றாளே, அது கூடப் பரவாயில்லை. அவன் சரி என்றான் பாருங்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் உள்ளே போகாமல் பட்டறைக்குத் திரும்பினேன்.

காரில் போனால் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பிக்கப்பில் போனால் அது எங்காவது நிற்கும், நின்றால் திரும்பி வருவார்கள். நான் யோசித்தது இவ்வளவுதான். எங்கள் மண் சாலை தார் ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு நிறுத்தப் பலகை இருக்கிறதே, அங்கே நின்று எடுக்கும்போது மெர்ல் எப்போதும் பெடலை அழுத்தி மிதிப்பான். பின்சக்கரம் சரளையை வாரி இறைக்கும், சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அதில் ஒரு குஷி. முறிந்தால் அங்கே முறியும். நடக்கும் வேகத்தில் யாருக்கு என்ன ஆகும்? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்று கணக்குப் போட்டேன்.

அவர்கள் இரண்டு பேரும் மளிகைக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில், குட்டைத் தண்டை நடுவில் அறுத்து ஒரு துண்டு சேர்த்துப் பற்றவைத்தேன். ஆழமாக வைக்கவில்லை. மேல்தோலை மட்டும் சேர்த்தேன். ஆழமாக வைத்தால் நெடுநாள் தாங்கி, எங்கேயோ முன்பின் தெரியாத ஊரில் முறிந்துவிடுமே. அவர்களுடைய பாதுகாப்பை நான் அந்த அளவுக்கு யோசித்தேன். பிறகு லேத்தில் ஓட்டி ஒட்டை மழித்து, எண்ணெய் தடவித் துடைத்தேன். கண்ணால் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

கண்ணால் தெரியாது, காதால் தெரியும். எங்கள் பட்டறையிலிருந்து எந்தத் தண்டு வெளியே போனாலும் கம்பியில் தொங்கவிட்டு ஒரு தட்டு தட்டிக் கேட்போம். நல்ல இரும்பு மணிபோல் பாடும். கோளாறு இருந்தால் விரிசல் விட்ட பானையைத் தட்டினதுபோல் சத்தம் வரும். அப்பா காலத்து வழக்கம், உங்கள் அப்பாவின் டிராக்டருக்கும் அப்படித்தான் தட்டிக் கொடுத்தோம். மெர்ல் வந்ததும் தண்டைத் தொங்கவிட்டான். சுத்தியலை எடுத்தான்.

"ஏண்டா, என் வேலையையே தட்டிப் பாக்கப் போறியா?" என்றேன்.

"எல்லாத்தையும் தட்டுறதுதானேண்ணே."

"தட்டு, தட்டு. ஊர் விட்டுப் போறவன், அண்ணன் மேல இருந்த நம்பிக்கையையும் மூட்டை கட்டிட்டியான்னு பாக்குறேன்."

அவன் முகம் சிவந்துவிட்டது. "அட, என்னண்ணே நீ" என்று சொல்லிச் சுத்தியலைக் கீழே வைத்தான். தட்டியிருந்தால் என்ன சத்தம் வந்திருக்கும் என்று எனக்கும் தெரியாது. நான் தட்டிப் பார்க்கவில்லை.

அன்றைக்கே மாட்டிவிட்டோம். நீலத் தகரத்துக்குள் அந்த அகலச் சக்கரம் உட்கார்ந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மெர்ல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மறுநாள் காலையில் கிளம்பினார்கள். ட்வைலா என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். நிறுத்தப் பலகையில் நின்றான். மிதித்தான். சரளை பறந்தது. சக்கரம் பிடித்துக்கொண்டது, வண்டி தார் ரோட்டில் ஏறி மேற்கே திரும்பிப் போயே விட்டது. என் வேலை நான் நினைத்ததைவிட நன்றாக அமைந்துவிட்டது.

சாயங்காலம் போன் வந்தது. நியூ மெக்சிகோவில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள்.

"அண்ணே, வண்டி பட்டு மாதிரி ஓடுது. ஒரு முனகல் இல்ல. உன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்."

"எண்ணெய் பாத்துக்கோ" என்றேன்.

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"வேற என்ன இருக்கு?"

ட்வைலா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பெரியவரே, சாப்டீங்களா? ஃப்ரீசர்ல உங்களுக்குன்னு வெரெனிகே கொழுக்கட்டை பிடிச்சு வச்சிருக்கேன், வேகவச்சு பன்னிக்கறிக் குழம்பு ஊத்திக்கோங்க. அப்புறம், நோர்மாகிட்ட சொல்லிட்டேன், உங்களுக்கும் ஒரு ரூம் ஒதுக்கியாச்சு. அடுத்த மாசம் பட்டறையப் பூட்டிட்டு வந்து சேருங்க. தனியா அங்க கிடந்து யாரோட சண்டை போடப் போறீங்க?"

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சொன்னால் மெர்ல் என்னைப் பற்றி என்ன நினைப்பான்? அவன் பிறகு என்னை வாழ்நாளில் நம்ப மாட்டான். அவனை அப்படி நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை. பார்க்கலாம் ட்வைலா என்று சொல்லிப் போனை வைத்தேன். வெரெனிகேயை வேகவைத்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, உப்பு மட்டும் சற்றுத் தூக்கல்.

அடுத்த நாள் அரிசோனாவில் ஒரு மலை இறக்கத்தில் முறிந்தது. சக்கரம் தனியாக உருண்டு வேலியைத் தாண்டிப் போனதாகப் பின்னால் வந்தவர் சொல்லியிருக்கிறார். வண்டி புரண்டது. வலது பக்கத் தண்டு. ட்வைலா உட்கார்ந்திருந்த பக்கம், ஆமாம். அது தற்செயல். அவள் அங்கேயே போய்விட்டாள். சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் நானும் ஒருவன், நீங்களும் எனக்கு முன்னால் தோள் கொடுத்தீர்கள்.

மெர்ல் பிழைத்தான். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சும் போய்விட்டது. நோர்மா அவனைத் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று அழுதாள். அங்கே நல்ல மருத்துவமனை இருக்கிறது, பயிற்சி கொடுத்தால் பேச்சாவது திரும்பும் என்றாள். உடன்பிறந்தவன் நான் இருக்கும்போது அவள் யார்? கையெழுத்து போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அந்த ஆத்திரத்தில்தான் அவள் முறிந்த தண்டைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறாள். அதுதான் உங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். தண்டை ஒட்டியது நான். ஒட்டை மறைத்தது நான். தட்டவிடாமல் தடுத்தது நான். போனில் சொல்லாமல் விட்டதும் நான். முறியும் என்று தெரிந்து செய்தேன். ட்வைலாவைக் கொன்றது நான்தான், என் தம்பியை இப்படிக் கிடத்தியதும் நான்தான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

ஆனால் அவன் சௌக்கியமாக இருக்கிறான். முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். முட்டையை மசித்து ஊட்டுகிறேன், முகம் மழிக்கிறேன், பட்டறையில் என்ன வேலை வந்தது என்று சொல்கிறேன். நான் உள்ளே போனால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது. கனமான திரை வாங்கிப் போட்டேன், அப்படியும் மூடிக்கொள்கிறான். நர்ஸ் வந்தால் திறக்கிறான்.

கைவிலங்கு எல்லாம் வேண்டாம் டெபுடி, நான் எங்கே ஓடப் போகிறேன்? இன்று மட்டும் என்னை விட்டுவிட்டுப் போங்கள். இன்னும் சற்று நேரத்தில் அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நீங்களே சொல்லுங்கள், பாவம், என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?