ஊமைக்களா

மலையம்மாள்: ...கொட்டையத் துப்பிறாதீக கொழுந்தனாரே, எங்கையில குடுங்க.

சோலை: எச்சிக் கொட்டையா? எதுக்கு மதினி?

மலையம்மாள்: வெதைக்குத்தான். நாளைக்கு சர்க்கார் பண்ணை ஐயா வாராரு. செடிக்கு ஒரு முடிச்சா, கலக்காம வேணுமாம்.

சோலை: களாப்பழம் எல்லாம் ஒன்னுதான. இதுல கலக்க என்ன இருக்கு...

மலையம்மாள்: ஒன்னா? இந்தச் செடியில ஒன்னப் பறிச்சு வாயில போடுங்க.

சோலை: ...என்ன இது, புளிப்பே இல்ல?

மலையம்மாள்: நெய்க்களா. இப்ப அந்தப் புதருக்குள்ள கைய விடுங்க. பாத்து...

சோலை: ஆத்தாடி, என்னா முள்ளு.

மலையம்மாள்: அது மாமியாக்களா. உங்க ஆத்தா காதுல போட்டுறாதீக, பேரு வச்சது நாந்தான்.

சோலை: போடாம இருப்பனா. ஆனா மதினி... இது உள்ள ரோசா நெறம். நாலடி தள்ளி இருக்குறது வெள்ளை. ஒரே மண்ணு, ஒரே மழை, எப்படி?

மலையம்மாள்: ஐயாவும் இப்படித்தான் வாயப் பொளந்துக்கிட்டு நின்னாரு. ஒரு மலையில இம்புட்டுத் தினுசு எங்கயுமே பாத்ததில்லையாம். ஒன்னு மழை பொய்ச்சாலும் காய்க்குது, ஒன்னுல பூச்சி அண்டாது. ரெண்டையும் இணை சேத்து புதுசா ஒன்னு உண்டாக்கலாமாம். அதுக்கு இந்த மூலச்செடிக உசுரோட இருக்கணுமாம்.

சோலை: பொறந்ததுலருந்து நாகமலையிலதான் சுத்துறேன். முள்ளுன்னு மட்டுந்தான் நெனச்சிருந்தேன்... மேலெல்லாம் சிலுத்துப்போச்சு மதினி.

மலையம்மாள்: சீமையில சண்டை வந்து ரயில்ல கரி வரத்து நின்னதுலருந்து காளவாசல் செங்கச் சூளைக்கு இந்தக் களா முள்ளத்தான் எரிக்கிறாகளாம். வேரோட தோண்டிட்டுப் போறாகளாம்.

சோலை: ...ஆமா. கேள்விப்பட்டேன்.

மலையம்மாள்: வாங்க, மேல ஊமைக்களா இருக்கு. கொட்டையே கெடையாது. மலைக்கே ஒத்தச் செடி. ஐயா அதப் பாக்கத்தான் அம்புட்டுத் தூரத்துலருந்து வாராரு.

சோலை: மேல வேணாம் மதினி.

மலையம்மாள்: ஏன், கால் வலிக்குதா?

சோலை: அதில்ல... கொட்டையில்லாட்டி வெதை ஏது? அது போயிட்டா...

மலையம்மாள்: போனா போனதுதான்.

சோலை: அந்தச் சப்பட்டைப் பாறைய ஒட்டி, தரையோட படந்து கெடக்குமே... அதா?

மலையம்மாள்: அதேதான்.

சோலை: மதினி... சூளையில முள்ளு வெட்ட ஆள் கேட்டாக. அண்ணங்கிட்டகூடச் சொல்லாமப் போனேன். முந்தாநாத்து நாந்தான் அத வேரோட... இன்னைக்கும் எந்தப் பக்கம் அடர்த்தியா இருக்குன்னு பாக்கத்தான் உங்ககூட வந்தேன்.

மலையம்மாள்: தெரியும். அன்னைக்கு முள்ளு வண்டியத் தெருவுல போட்டுட்டுக் காப்பி குடிக்கப் போனீகள்ல, அப்பவே அந்தக் கட்டுலருந்து ரெண்டு கொப்ப ஒடிச்சாந்து ஈரச்சாக்குல சுத்தி வச்சிருக்கேன். தழையுமோ தழையாதோ. மிச்சமிருக்குற ஒவ்வொரு செடியிலயும் ஒரு பழம் உங்க வாயில விழணும், அதுக்கப்புறமும் வெட்ட மனசு வந்தா வெட்டுங்கன்னுதான் கூட்டியாந்தேன்.