ஓர் அட்டை, நான்கு அறைகள், நான்கு சாவிகள்

அருளும் பொறுமையும் ஒருங்கே அமைந்த எங்கள் பங்குத் தந்தை அவர்களே, தலைமை ஏற்று, தாமதமாக வந்தோரையும் தட்டிக்கொடுத்து அமரவைத்த பேரவைத் தலைவர் திரு கேவின் அவர்களே, பிரிக்பீல்ட்ஸில் ரயிலேறிக் கிள்ளான் வந்து சேர்ந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே, கேண்டீன் வாசலில் கைகட்டி நிற்கும் பேசில் அண்ணே, உங்கள் அனைவருக்கும் ஜோசஃபினின் பணிவான வணக்கம்.

மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனாலும் நம் பங்கு அட்டையைப் பற்றிப் பேச என்னை மேடையேற்றிவிட்டீர்கள். ஏன்? அந்த அட்டை செய்த பிழையில் என் கையெழுத்தும் இருந்தது.

மறைக்கல்வி வருகை, நூலகம், கேண்டீன், இலவச கிளினிக். நான்குக்கும் ஒரே அட்டை என்று சென்ற ஆண்டு முடிவு செய்தோம். அட்டை செய்தவர்கள் கேட்டார்கள்: உள்ளிருக்கும் பதிவுகளைத் திறக்க நான்குக்கும் எத்தனை சாவி? நாம் சொன்னோம்: ஒரே குடும்பம், ஒரே சாவி போதும். நம் மண்டபத்துச் சாவியும் கதவுக்குப் பின்னால் ஆணியில்தானே தொங்குகிறது? யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்படியே பழகிவிட்டோம். சம்மதித்தவர்களில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

பிறகு ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து கேண்டீனில் வரிசை. எனக்கு முன்னால் ஒரு பெண்மணி அட்டையை வைத்தார். பேசில் அண்ணன் திரையைப் பார்த்தார், கிளினிக் பதிவும் அதில் தெரிந்தது. அன்பான மனிதர், அதில் ஐயமில்லை. அன்போடுதான் கேட்டார்: "அக்கா, மனசுக்கு மாத்திரை போடுறீங்களா? நாசி லெமாக் சாப்பிட்டுட்டு மறக்காம போடுங்க லா."

வரிசையில் ஏழு பேர். ஏழு பேரும் கேட்டோம். அந்தப் பெண்மணி தட்டை வைத்துவிட்டு நடந்தார். மறு வாரம் கிளினிக்குக்கு வரவில்லை. அதற்கு மறு வாரமும் வரவில்லை. மாத்திரை நின்றது.

யார் அது என்று பின்வரிசையில் ஓர் அக்கா கேட்கிறார். சொல்ல மாட்டேன் அக்கா. அதைச் சொன்னால் நான் இங்கே பேசவந்ததற்கே பொருளில்லை.

எனக்கு உறக்கமில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் காதில் சொன்னதை ஃபாதர் பாடகர் குழுவுக்குச் சொல்வாரா? கிளினிக்கில் சொன்னதைக் கேண்டீன் ஏன் அறிய வேண்டும்?

பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனேன். அட்டை செய்த பொறியாளர் பாலன் சிரித்தார். "ஆன்டி, சிப்புல அறை அறையா பிரிக்கலாம். உங்க கமிட்டிதான் வேணாம்னுச்சு."

"இப்ப பிரிங்க தம்பி."

"இடமில்ல ஆன்டி. கேண்டீன் எல்லாத்தையும் தின்னுருச்சு."

அந்தச் சிப்பின் கொள்ளளவு, கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தில் நூறில் ஒரு பங்கு. அதில் பெரும்பகுதி, நாம் சாப்பிட்ட ஒவ்வொரு நாசி லெமாக்கின் பதிவு. பேசில் அண்ணனிடம் அழிக்கச் சொன்னேன்.

"வரலாறும்மா அது," என்றார்.

"உண்ட சோறு செரித்த பிறகு வரலாறு எதுக்குண்ணே? இலை எடுங்க."

சிரிக்கிறீர்கள். அவரும் அன்று சிரித்தார், ஒத்துக்கொண்டார். வீட்டுச் செலவு எழுதும் நோட்டில் நான்கு கட்டம் போட்டேன். கேண்டீனுக்குக் கடைசிப் பத்து உணவு மட்டும். பதினொன்று வந்தால் முதலாவது அழியும். நூலகத்துக்குக் கையிலுள்ள புத்தகம் மட்டும். மறைக்கல்விக்கு இந்த ஆண்டு மட்டும். மிச்சம் கிளினிக்குக்கு, அந்த இடத்தை வேறெவரும் தொட முடியாது. ஒவ்வொரு அறைக்கும் தனிச் சாவி. இயந்திரத்தில் அட்டையை வைத்ததும் அட்டைதான் முதலில் கேட்கும்: நீ யார்? கேண்டீன் சாவி கேண்டீன் அறையைத் திறக்கும். அடுத்த அறையைத் தட்டினால்? திறக்காது. கெஞ்சினால்? திறக்காது. ஈஸ்டர் அன்று கேட்டாலும் திறக்காது.

நான்கு அட்டை வைத்திருக்கலாமே என்கிறார் முன்வரிசை அண்ணன். ஒன்றையே மாதம் இருமுறை தொலைப்பவர் நீங்கள், அண்ணே.

வேலை முடிந்தது. அந்தப் பெண்மணி கிளினிக்குக்குத் திரும்பினாரா? கிளினிக் தாதி ஷார்மைனிடம் கேட்டேன். "ஆன்டி, பூட்டு போடச் சொன்னது நீங்கதானே? இப்ப நீங்களே எட்டிப் பாக்குறீங்களா?" என்றாள். நாணினேன். கட்டம் போட்ட என் கண்ணுக்கும் அந்த அறை இருட்டு. எல்லாவற்றையும் எழுதிவைத்தே பழகிய கைக்கு, எழுத முடியாத ஒரு வரி. நல்லது, அப்படியே இருக்கட்டும் என்று செபித்தேன்.

அன்பென்றால் எல்லாம் அறிவதா, தாய்மார்களே? அன்புள்ளவர் கதவைத் தட்டுவார். அன்புள்ளவர் காத்திருப்பார். அன்புள்ளவர் திறக்காத கதவுக்கு முன்னாலும் புன்னகையோடு நிற்பார். ஒரே குடும்பம்தான் நாம். குடும்பத்திலும் குளியலறைக்குத் தாழ்ப்பாள் உண்டு.

இன்று காலைத் திருப்பலி. சமாதானம் சொல்லும் நேரம். ஒரு கை என் கையைப் பற்றியது. "மாத்திரை வாங்கிட்டேன் அக்கா. மேடையில சொல்லுங்க, பேரு மட்டும் வேணாம்."

அட்டை எனக்குச் சொல்லவில்லை. இயந்திரம் சொல்லவில்லை. அவரே சொன்னார், அவர் விரும்பிய நேரத்தில், அவர் விரும்பிய காதில்.

பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. திருத்திக்கொண்ட பேசில் அண்ணனுக்குத் தனி நன்றி. இன்னும் வாங்காதவர்களின் புது அட்டைகள் வலப்பக்க மேசையில் இருக்கின்றன. அவரவர் அட்டையை அவரவர் பெற்றுச் செல்லுங்கள். இறைவனின் சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்கட்டும். வணக்கம்.