வெள்ளிக்கிழமை டீ-ஷேர்ட்டுகள்

ப்ரோகிராமர்மாருக்குப் பரிசு வாங்குவது கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை, சேர். ஒரு டீ-ஷேர்ட் வாங்கினால் போதும். அதில் சிரிக்கவைக்கிற ஒரு பகிடி எழுதியிருக்க வேண்டும், அந்தப் பகிடி அவர்களுடைய வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். கடையில் அடுக்கி வைத்திருப்பதை வாங்கிக் கொடுப்பவர்கள் சோம்பேறிகள். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

எங்கள் ஒபிஸ் மாத்தளை டவுனில் ஒரு பாமசிக்கு மேல்மாடியில் இருக்கிறது. பதினொரு பேர். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். கொடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த வேலை தெரியாது. கதவு திறப்பது, லீவு எழுதுவது, தேத்தண்ணீர்ச் சாமான் வாங்குவது, இதெல்லாம்தான் என் பொறுப்பு. எல்லாரும் என்னை ரஜிதா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் வேறு ஆள் இல்லை. அந்தப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள் என்று பொஸ் சொன்னபோது, எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

ஒரு ஆளுக்கு ஏற்ற பகிடியைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அவர் வேலை செய்யும்போது எதை ஏசுகிறார் என்று கவனிக்க வேண்டும். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைக்கும்போது கொஞ்சம் நின்று கேட்பேன். பவாஸ் என்று ஒரு பிள்ளை. அவர் எழுதியது எங்கே பழுதானாலும், "என்ட மெஷின்ல ஓடுதே" என்பார். அதையே பச்சை டீ-ஷேர்ட்டில் அடித்துக் கொடுத்தேன். நிஹ்லாவின் வேலை மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடிப்பது. அவளுக்கு "நான் பார்த்தா உடையும்" என்று எழுதினேன். அவள் முழுக்கை போடுகிற பிள்ளை என்பதால் கண்டிக்குப் போய் முழுக்கை வைத்ததாகத் தேடி வாங்கினேன். இப்படி யார் பார்ப்பார்கள், சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தேன். மாலைத் தேத்தண்ணீருக்குப் பிறகு படிக்கட்டில் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுப்பேன். அந்தப் படங்களை வீட்டில் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நிஹ்லாவின் விஷயத்தையும் கேட்டீர்கள். பெருநாளுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய உம்மா ஹமீமா நல்ல மனிசி, வட்டிலப்பம் தந்தார். குசினியில் பால் சிந்திவிட்டது. அதைத் துடைக்க ஒரு துணியை எடுத்தார். அதில் "நான் பார்த்தா" வரைக்கும் தெரிந்தது. வட்டிலப்பம் நன்றாக இருக்கிறது என்றேன். அடுத்த புதன்கிழமை ஒபிஸில் தேத்தண்ணீர் போடுகிற பென்ட்ரியில் அவளுடைய இடது கையில் கொதிதண்ணீர் கொட்டியது. கேத்தலின் கைப்பிடி கழன்றுவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். கைப்பிடி நன்றாகத்தான் இருந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். பத்து நாளும் பகல் சாப்பாடு கொண்டுபோய் ஊட்டிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். ஒருதரமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அவள் அதைப் போடாமல் வந்ததில்லை. உம்மா துவைத்துக் கொடுத்திருப்பார்.

பவாஸ் வேறு விதம். ஒரு வெள்ளிக்கிழமை ஜக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு படத்துக்கு நின்றார். கழற்றுங்க தம்பி என்றேன். குளிருது அக்கா என்றார். மாத்தளையில், ஏப்ரல் மாதத்தில். மற்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு மாத்தளைக்கு வெளியே நாலந்தாவில் வீடு, மோட்டார் சைக்கிளில் வந்து போவார். அடுத்த வாரம் வீட்டுக்குப் போகும் வழியில் பிரேக் பிடிக்காமல் விழுந்தார். அந்தப் பிரேக் வயர் தானாக அறுந்தது என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அது நான் செய்தது. தோள் எலும்பும் முன்பல் நான்கும் போயின. லொறி ஒன்றும் எதிரில் வராதது அவருடைய நல்ல காலம். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவருடைய மனைவி நிஷ்மியா பையிலிருந்து அந்தப் பச்சை டீ-ஷேர்ட்டை எடுத்து அவர் நெஞ்சுமேல் விரித்தாள். கை தூக்க முடியாததால் போட முடியவில்லை அக்கா, கோவிக்க வேண்டாம் என்றாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் மதுரன் வேலைக்கு வந்தார். இருபத்தேழு வயது. தகப்பன் இராஜசிங்கம் அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மதுரன் பலாபத்வலையில் ஒரு வீட்டோடு சேர்ந்த அனெக்ஸில் தனியாக வாடகைக்கு இருந்தார். அமைதியான பிள்ளை. அதுதான் எனக்குச் சிரமமாகிவிட்டது. எதையும் ஏசமாட்டார். "பேசாதீங்க, யோசிக்கிறேன்" என்று முதலில் ஒன்று கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். எழுத்து உள்ள உடுப்புப் போடுகிற பழக்கம் இல்லை என்றார். சரி, எழுத்து இல்லாமல் பொக்கட்டில் ஒரு சின்னப் பூச்சி மட்டும் அடித்து இன்னொன்று கொடுத்தேன். பூச்சி என்றால் அவர்களுக்குப் பிழை என்று அர்த்தம். அதுவும் லாச்சிக்குப் போனது. ஆறு வெள்ளிக்கிழமைப் படங்களில் அவர் ஒருவர் மட்டும் நீலக் கோடு போட்ட சட்டையோடு நிற்கிறார். படமே கெட்டுவிட்டது.

பிறகு ஒருநாள் பக்கத்து மேசை வினோஜாவிடம் அவர், ஓடுகிற ப்ரோகிராமில் கை வைக்காதீர்கள் என்று சொல்வதைக் கேட்டேன். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். கறுப்பு டீ-ஷேர்ட், வெள்ளை எழுத்து: "தொடாதீங்க, ஓடுது." நான் எழுதியவற்றிலேயே நல்லது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் அதைக் கொண்டுபோனேன். இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போனேன். மரியாதையாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பிளேன்டி ஊற்றித் தந்தார். பார்சலைப் பிரித்துப் பார்த்தார். வாசித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தார்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்," என்றார். "இத யாருக்கும் புடிக்கல. நிஹ்லா கை வெந்ததுக்கு அப்புறம், பவாஸ் விழுந்ததுக்கு அப்புறம், எல்லாரும் பயத்துலதான் போடுறாங்க. உங்ககிட்ட சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல. நாளைக்கு நான் பொஸ்கிட்ட பேசப் போறேன். பின்னால போய்ப் பேசினேன்னு இருக்கக் கூடாது, அதான் மொதல்ல உங்ககிட்டயே சொல்றேன்."

"சரி தம்பி, பேசுங்க," என்றேன். "இத ஒருக்கா போட்டுக் காட்டுங்க. அளவு சரியான்னு பாத்துட்டுப் போயிடுறேன்."

"வேணாம் அக்கா."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் அதே மாதிரித்தான் சொன்னார்.

அப்போது கரண்ட் போய்விட்டது. மேசைக்குக் கீழே இருந்த யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. அதை நிறுத்த அவர் முழங்காலில் குனிந்தார். பழுதாகிப்போன பழைய யூபிஎஸ் ஒன்று கதவோரம் இருந்தது. உள்ளே பெட்டரி இருப்பதால் நல்ல பாரம். நான் தினமும் ஒபிஸுக்குப் பெரிய தண்ணீர்ப் போத்தல் மேல்மாடிக்குத் தூக்குகிறவள், எனக்கு அது பெரிய பாரம் இல்லை. பின்தலையில் அடித்தேன். அவர் திரும்பிப் பார்க்க முயன்றார். என்ன நடந்தது என்று கேட்கிற மாதிரித்தான் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே இன்னும் இரண்டு தரம் அடித்தேன். கத்திக்கொண்டிருந்த யூபிஎஸ்ஸை நானே நிறுத்தினேன்.

உங்கள் டொக்டர் சொன்னது சரி. அவர் உடனே சாகவில்லை. மூச்சு இருந்தது, கரகரவென்று சத்தம் போட்டது. சுடுதண்ணீர் வைத்து முகத்தையும் கழுத்தையும் துடைத்தேன். காதிலிருந்து வந்தது நிற்காததால் துவாய் ஒன்றை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தேன். அன்றும் போட்டிருந்த நீலக் கோட்டுச் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன்.

இடையில் அவருடைய போன் அடித்தது. அம்மா என்று காட்டியது. எடுக்காவிட்டால் அந்த மனிசி பயந்துவிடும் என்று எடுத்தேன். தம்பி குளிக்கிறார், நான் ஒபிஸ் அக்கா, சாப்பாடு கொண்டுவந்தேன் என்றேன். நேசம்மா என்று தன் பெயரைச் சொன்னார். மகன் தனியாக இருக்கிறான் என்று கவலைப்பட்டார். "நீங்க இருக்கிறது எனக்கு ஆறுதல், பிள்ள. அவனப் பாத்துக்குங்க," என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரம் அவருடைய தலை என் மடியில்தான் இருந்தது.

அதே போனில் அம்பியுலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். வந்திருந்தால் அவர்கள் முதலில் உடுப்பைத்தான் வெட்டி எடுத்திருப்பார்கள். அது புது டீ-ஷேர்ட், சேர்.

மயங்கிய ஆளுக்குக் கை நுழைப்பது சுலபமில்லை. முதலில் வலது கை, பிறகு தலை, கடைசியாக இடது கை. தலையைத் தூக்கும்போது மெதுவாகத்தான் தூக்கினேன். நெஞ்சில் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டேன். மீடியம் அளவுதான், கணக்காக இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறபோது எழுத்தும் கூடவே ஏறி இறங்கியது. பதினொன்றே காலுக்கு அது நின்றது. அதுவரை பக்கத்திலேயே இருந்தேன்.

எல்லாரும் பயத்தில் போடுகிறார்கள் என்றாரே, அவர் பயத்தில் போடவில்லை. இந்தத் தடவை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.