இந்த மாசம் ஆள் கூடியிருக்கா?

பானுமதி: நான் கேட்டது ஒரே கேள்விதானுங்க, பாலகுரு சார். போன மாசத்தைவிட உங்க வேர்ஹவுஸ்ல ஆள் கூடியிருக்கா, கொறைஞ்சிருக்கா, இல்ல அப்படியேதானா?

பாலகுரு: பொறுங்கம்மா... கதவைச் சாத்திட்டு வர்றேன்.

பானுமதி: கதவைச் சாத்துற அளவுக்கு என்னங்க ரகசியம்? மாசாமாசம் வேலைவாய்ப்பு சர்வேன்னு போன் போட்டா, நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள 'அப்படியே'ன்னு சொல்லி வச்சிருவீங்க.

பாலகுரு: அப்பல்லாம் அப்படியே இருந்துச்சு, சொன்னேன்.

பானுமதி: அப்போ இந்த மாசம்...

பாலகுரு: இந்த மாசமும் அப்படியேன்னு சொல்லச் சொல்லி முதலாளி உத்தரவு. மணிமாறன் சார் இப்பத்தான் மேசையைத் தட்டிட்டுப் போறார்.

பானுமதி: நான் உத்தரவைக் கேக்கலீங்க. ஆளைக் கேட்டேன்.

பாலகுரு: கோயம்புத்தூர்க்காரங்க மரியாதையாவே குத்துவீங்க!

பானுமதி: மதுரைக்காரங்க நல்லாச் சுத்தி வளைப்பீங்க. சொல்லுங்க.

பாலகுரு: ஜெபல் அலி துறைமுகத்துல எங்களுக்கு வர்ற கன்டெய்னர் கொறைஞ்சுபோச்சு. பேக்கிங் பயலுக கையில லீவு லெட்டரைக் குடுத்துட்டாய்ங்க. ஊருக்குப் போக மட்டும் டிக்கெட்.

பானுமதி: திரும்பி வர?

பாலகுரு: மாஃபி. கிடையாது.

பானுமதி: அது லீவு இல்லீங்க!

பாலகுரு: கணக்குல லீவுதான். பேர் இங்க இருக்கும், ஆள் ஊர்ல இருப்பான். ஒரு கம்பெனி பதில்ல என்ன வந்துரும்னு கேக்குறார் முதலாளி.

பானுமதி: எல்லாக் கம்பெனியும் அப்படியே நினைச்சா? வேலைவாய்ப்பு நல்லா இருக்குதுன்னு ரிப்போர்ட் வரும். அதை நம்பி எவனாச்சும் ஊர்ல இருக்கற வேலைய விட்டுப்போட்டு கல்ஃபுக்கு ஃபிளைட் ஏறுவான்.

பாலகுரு: ஏறுவான்... எங்க பேக்கிங்ல கார்மேகம்னு ஒருத்தர். அவரு மச்சினன் கிளம்பியே நின்னான். நாந்தான் நேத்து போன் போட்டு, இப்ப வராதடான்னு நிறுத்துனேன்.

பானுமதி: அவனை நிறுத்திட்டீங்க. மத்தவங்களை?

பாலகுரு: கொறைஞ்சிருக்குன்னு போடுங்க.

பானுமதி: நிஜமாவா?

பாலகுரு: நல்லாவே கொறைஞ்சிருக்குன்னு போடுங்க.

பானுமதி: சார்... எங்க பக்கத்துல இருந்து உங்க பேர் வெளிய வராதுங்க. ஆனா மணிமாறன் சாருக்குத் தெரிஞ்சா உங்க வேலைக்கு...

பாலகுரு: நானே போய்ச் சொல்லப்போறேன். சாயங்காலம் வரைக்கும்தாம்மா எனக்கு இந்த நாற்காலி. ராஜினாமா குடுத்து, நோட்டீஸ் இன்னிக்கு முடியுது. அதுவரைக்கும் நாந்தான் ஹெச்.ஆர். என் பதில் செல்லும்.

பானுமதி: அட! போன மாசம் பேசினப்போகூட வாயைத் திறக்கலியே!

பாலகுரு: நீங்க அதைக் கேக்கலியே.

பானுமதி: சரி, இப்பக் கேக்கறேன். நாளைக்கு என்னங்க பண்ணுவீங்க?

பாலகுரு: சொந்தத் தொழில். ஹஸ்னைன் பாய்னு ஒரு லாகூர்க்காரர், லாரி வச்சிருக்கார். தொழில் லைசென்ஸ் அவருது, பேக்கிங் என் பொறுப்பு. வீடு மாறுறவங்க, ஆபீஸ் மாறுறவங்க சாமானைக் கட்டி, ஏத்தி, இறக்கிக் குடுக்குறது. சத்வா ஏரியாவுல சின்னதா ஆபீஸ். முதல் ஆர்டரும் வந்தாச்சு.

பானுமதி: ஆளுங்க?

பாலகுரு: லெட்டர் வாங்குன பயலுகள்ல பாதிப் பேருக்கு விசாவை எங்க பேர்ல மாத்த எழுதிக் குடுத்தாச்சு. கார்மேகந்தான் மேஸ்திரி.

பானுமதி: மீதிப் பாதி?

பாலகுரு: இன்னொரு வண்டி ஓடட்டும், கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கேன். கூப்பிடுவேன்.

பானுமதி: கூப்பிடுவீங்க. குரல்லயே தெரியுதுங்க.

பாலகுரு: ஒரே ஒரு குறை. கட்ட ஆள் இருக்கு, ஓட்ட ஆள் இருக்கு. போன்ல பேசத்தான் ஆளில்ல. நான் பேசினா சண்டை போடுற மாதிரி இருக்குங்கிறார் பாய்.

பானுமதி: அவர் சொல்றது சரிதானுங்க.

பாலகுரு: சிரிக்காதீங்க. எத்தனை தடவை போனை வச்சாலும் கோபப்படாம மறுபடி கூப்பிடுற ஆளா வேணும். தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூணும் வரணும். உங்களுக்குத் தெரிஞ்சு யாராச்சும்...

பானுமதி: ஒரு நிமிசம் இருங்க, பேனா எடுத்துக்கறேன்.

பாலகுரு: ஹலோ? லைன் இருக்கா?

பானுமதி: இருக்கேனுங்க. சத்வால எந்தப் பக்கம்?

பாலகுரு: பஸ் ஸ்டேஷனுக்குப் பின்னாடி, டெய்லர் கடை வரிசையில. யாரை அனுப்புறீங்க?

பானுமதி: நானே வர்றேனுங்க, நாளைக்குக் காலைலயே. எனக்கும் இன்னிக்கோட கடைசி டியூட்டி. அடுத்த மாசத்துலேருந்து இந்த மாதிரி போன் பண்றது மெஷின்தான். எங்க வரிசைல இருந்த அத்தனை பேரையும் நிறுத்திட்டாங்க... எங்க கம்பெனிக்கு மட்டும் யாருமே போன் போட்டு, ஆள் கொறைஞ்சிருக்கான்னு கேக்கலீங்க.