போங்க என்று நான் காட்டிய கை

கூடுதல் வாக்குமூலம்

பெயர் டீனா, வயது 37, தந்தை பெயர் அமிர்தராஜ், கோவை புலியகுளம்.

நான் மேற்படி முகவரியில் என் தந்தையுடன் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறேன். பத்து வருடமாக நியூசிலாந்தில் வெலிங்டன் நகரில் குடியிருக்கிறேன். அப்பாவின் கண்புரை அறுவை சிகிச்சைக்காக லீவு போட்டு வந்தேன். என்னிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் உள்ளது. சோமனூர் விபத்து குறித்து அன்றைக்கே இந்தக் காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு செய்தி விடுபட்டுள்ளது. விடுபட்டது என்பதுகூடச் சரியில்லை, நான் சொல்லாமல் விட்டேன். அதைச் சொல்ல யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன்.

வந்த நாளிலிருந்து அப்பாவின் காரை நான்தான் ஓட்டுகிறேன். வெலிங்டனில் ஹாரனைத் தொட்டால் யாரையோ திட்டியதாக அர்த்தம். இங்கே தொடாவிட்டால் நகர முடியாது. முதல் வாரம் ஒரு ரவுண்டானாவில் என் முறை வரட்டும் என்று நின்று, பின்னால் இருந்தவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதன் பிறகு ஒருவழிப் பாதையில் எதிரே வந்த ஸ்கூட்டர்காரரிடம் கண்ணாடியை இறக்கிச் சண்டை போட்டேன். அவர், “ஏனுங்க, பக்கத்துலதானுங்க போறேன்” என்று சிரித்தபடி போய்விட்டார்.

நடந்து போகிறவர்களைக் கண்டால் மட்டும் நான் நிறுத்தாமல் இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் அப்பா, “நிக்காத கண்ணு. அவங்க பாட்டுக்குக் கையக் காட்டிட்டு வருவாங்க, நீ மெதுவா விட்டுட்டே போ. நீ நின்னாலும் பின்னாடி வாரவன் நிக்கமாட்டான்” என்பார். நான், “எல்லாரும் இப்படியே சொல்லித்தான் ஊரு இந்த லட்சணத்துல இருக்குது. யாராச்சும் ஒருத்தர் ஆரம்பிக்கோணுமில்லப்பா” என்பேன்.

சம்பவத்தன்று பிற்பகல் நானும் அப்பாவும் உறவினர் வீட்டுக்குச் சென்றுவிட்டுச் சோமனூர் கடைவீதி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். அங்கே ரோட்டில் வெள்ளைக் கோடுகள் போட்ட இடத்தில், வலது பக்கத்திலிருந்து ஓர் அம்மா கடந்து வந்தார். அவர் பெயர் வெங்கடம்மாள் என்றும், விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். இடது கையில் மதியச் சோறு கொண்டுபோன தூக்குப்போசி இருந்தது. வலது கையை விரித்துத் தூக்கிக் காட்டியபடி, ஓடாமல் நிற்காமல், ஒரே சீராக நடந்து வந்தார். ஒரு பஸ்ஸும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் அந்தக் கையைப் பார்த்து விலகிப் போயின. பாதி ரோட்டை அப்படித்தான் கடந்தார்.

அதன் பிறகு நான் காரை நடுக்கோட்டை ஒட்டி முழுவதுமாக நிறுத்தினேன். என் இடப்பக்கம் ஒரு வண்டி நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. வெலிங்டனில் முன்னால் ஒரு வண்டி நின்றால் பின்னால் வருபவை எல்லாம் நிற்கும், ஆகவே நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. அந்த அம்மா தயங்கி நின்றார். கார் தனக்காக நிற்கிறது என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நான் சிரித்து, “போங்க, போங்க” என்று கையைக் காட்டினேன். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, தூக்கியிருந்த கையை இறக்கிவிட்டார். இறக்கிய கையால் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைக் காக்க வைக்கக் கூடாது என்று, என் காருக்கு முன்னால் குனிந்து ஓடினார். இதுதான் நான் சொல்லாமல் விட்டது.

அதன் பிறகு என் இடப்பக்கமாக நூல் ஏற்றிய சரக்கு ஆட்டோ ஒன்று நுழைந்து வந்து, காரைத் தாண்டி வெளிப்பட்ட அவர்மீது மோதியது. தூக்குப்போசி எதிர்க்கடை வாசல்வரை உருண்டு போனது. ஆட்டோ டிரைவர் ரசாக் இறங்கி வந்து ரோட்டிலேயே உட்கார்ந்து, “காரு மறச்சிருச்சுங்க, ஆள் வாரது தெரியலீங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டம் அவரை அடித்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அந்த அம்மா இறந்துவிட்டார்.

அதன் பிறகு பிணவறை வாசலில் அவருடைய கணவர் கோவிந்தராஜுலு என்னிடம் வந்தார். வந்து கும்பிட்டு, “அம்மணி, நீங்கதான் அவளுக்கோசரம் வண்டிய நிறுத்துனீங்களாமா. எவனுங்க நிறுத்தறான் இந்தக் காலத்துல? நீங்க நல்லா இருக்கோணும்” என்றார். நான் வெறுமனே தலையை ஆட்டினேன். அய்யோ, அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா ஒரு தடவைகூட “அப்பவே சொன்னேன்” என்று சொல்லவில்லை, அதுவும் தாங்க முடியவில்லை.

இதை எழுத வேண்டியதில்லை என்று வாக்குமூலம் எழுதும் போலீஸ் சார் சொன்னார். “மேடம், நீங்க சாட்சிங்க. நின்னது தப்புன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லீங்க. கையக் காட்டுனதெல்லாம் எதுக்குங்க?” என்றார். எழுதாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். இடதுபுறம் நுழைந்தது ரசாக்கின் தப்புதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வெங்கடம்மாளுக்கு ரோட்டைக் கடக்கத் தெரியும். கையைத் தூக்கிக்கொண்டே வந்திருந்தால் ரசாக்குக்கு அந்தக் கையாவது தெரிந்திருக்கும். அதை இறக்க வைத்தது நான்.

கோர்ட்டில் எப்போது கூப்பிட்டாலும் டிக்கெட் போட்டு வந்து இதையே சொல்வேன். இதைக் கோவிந்தராஜுலு அவர்களுக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் என்னைக் கும்பிட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.

மேலே கண்டது என் வாயால் சொன்னது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதியதைப் படிக்கக் கேட்டேன். கை காட்டினேன் என்ற வரி அதில் இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) அ. டீனா