ரயில்வே கேட்டில் ஆறு நிமிடம்

— பந்தயக் கார் கதவுல நூத்தி நாப்பத்தி மூணுன்னு எழுதியிருந்தா, ராத்திரி ஒண்ணு நாப்பத்தி மூணுக்குக் கிளம்பின வண்டின்னு அர்த்தம். அது பெர்கோன்ஸி. நம்ம உல்தேரிகோ நூத்தி நாப்பத்தி ஏழு. அதாவது நாலு நிமிஷம் கழிச்சுக் கிளம்பினவன். பெர்கோன்ஸி இந்தக் கேட்டைத் தாண்டி நாலு நிமிஷத்துக்குள்ள என் மச்சினனும் தாண்டிட்டான்னா, முந்தி நிக்கிறது என் மச்சினன்தான். புரியுதா, மஃபால்தா?

— விடிஞ்சதிலிருந்து இது ஆறாவது தடவை, எஜீதியோ. உனக்கு மச்சினன்னா எனக்குக் கூடப் பொறந்த தம்பி. கணக்கு எனக்கும் தெரியும். மொச்சையைத் தின்னுட்டு வாயைக் கொஞ்சம் மூடு.

— மே மாசம் முதல் நாள் பச்சை மொச்சையும் பாலாடைக்கட்டியும் தொண்டையில இறங்காம நிக்கிறது எனக்கு இதுதான் முதல் தடவை. அங்க பாரு, வெள்ளை வண்டி ஒண்ணு வருது. என்ன வேகம். கண்ணுக்கு முன்னாடி காத்து வருது, காத்துக்கு முன்னாடி சத்தம் வருது. வண்டியே கடைசியிலதான் வருது.

— ரோட்டை விட்டுத் தள்ளி நில்லு. அந்த ஏணியில உக்காந்திருக்கிற பசங்களையும் இறங்கச் சொல்லு.

— சொல்லிட்டேன். கோவில்ல பாடறவன் சொன்னா கேப்பாங்களா? பாட்டை நிறுத்தினாத்தான் என்னைத் திரும்பியே பாப்பாங்க. ஆமா, ஞாயித்துக்கிழமை, மாதா மாசம் பொறந்திருக்கு, வெறும் தொப்பியோட நிக்கிறியே. உன் கறுப்பு முக்காடு எங்க? எப்பவும் கொடியில தொங்குமே.

— கேட் காக்கிறவளுக்கு ரயில்வே தொப்பி போதும். முக்காடு இருக்கிற இடத்துல இருக்கு.

— சாயங்கால வணக்கத்துக்காவது போட்டுட்டு வா. உல்தேரிகோ ஜெயிச்சா இன்னைக்கு மாதாவுக்கு நானே ஒரு புதுப் பாட்டுக் கட்டிப் பாடறதா நேர்ந்திருக்கேன். முதல் அடி வந்தாச்சு. "வளைவெல்லாம் வழியாக வகுத்தவளே, அலைகடலின் அருகே எம் இளையவனை…"

— தோத்தா?

— அந்தப் பேச்சை எடுக்காதே.

— எடுத்துத்தான் ஆகணும். தோத்தா செவ்வாக்கிழமை அவன் பெல்ஜியம் வண்டியில ஏறணும். சுரங்கத்துக்காரங்க காகிதத்துல கையெழுத்துப் போட்டாச்சு. மிலான் கம்பெனி இஞ்சினியர் என்ன சொன்னார்? இந்தச் சின்ன வண்டி வகுப்புல முதலா வந்தவனுக்குத்தான் சோதனை ஓட்டுநர் வேலை. ரெண்டாவதா வந்தவனுக்கு வெறும் கை குலுக்கல்தான். எங்ககூடப் பொறந்த நஸ்ஸரேனோ பெல்ஜியத்துக்குப் போனப்ப எங்க அம்மா இந்தக் கேட்லதான் நின்னு கை ஆட்டினா. அவன் திரும்பி வந்தது பெட்டியில. அந்தப் பெட்டி இந்தக் கேட் வழியாத்தான் போச்சு, நான்தான் கேட்டை மூடினேன்.

— தெரியும், மஃபால்தா. அன்னைக்குப் பாடினவன் நான்.

— அப்ப சும்மா இரு. போன் அடிக்குது.

— யாரு, வடக்கு கேட்காரியா? என்ன சொல்றா? ரெண்டு பேரும் தாண்டிட்டாங்களா? தலையை ஆட்டாதே, வாயைத் திறந்து சொல்லு.

— ரெண்டு பேரும் தாண்டிட்டாங்க. பெர்கோன்ஸி ஏழு முப்பத்தொண்ணுக்கு. நம்ம ஆளு ஏழு முப்பத்தஞ்சரைக்கு. முகமெல்லாம் எண்ணெய், கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுதாம். இவளைப் பாத்துக் கை ஆட்டினானாம், பைத்தியக்காரன்.

— நாலரை நிமிஷமா? அப்ப அரை நிமிஷம் பின்தங்கியிருக்கான். அரை நிமிஷம்தானே. தெற்கே மலையில அதைப் பிடிச்சுடுவான். சொந்தக் கையால முடுக்கின வண்டி, அது அவனைக் கைவிடாது.

— அரை நிமிஷத்தோட நின்னாத்தானே. அங்கிருந்து இங்க வர ஒம்பது நிமிஷம். பெர்கோன்ஸி ஏழு நாப்பதுக்கு வருவான். நம்ம ஆளு ஏழு நாப்பத்திநாலரைக்கு வருவான். ரயில் எத்தனை மணிக்கு?

— ஏழு நாப்பத்தாறு. ஐயோ, என் தாயே.

— முந்தின ஸ்டேஷன்ல ரயில் கிளம்பினதும் இங்க உள்ள மணி அடிக்கும், ரயில் வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி, நாப்பத்தொண்ணுக்கு. மணி அடிச்சதும் கேட்டை இறக்கணும். பெர்கோன்ஸி தாண்டிப் போயிருப்பான். உல்தேரிகோ மூடின கேட்டுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நிப்பான். அரை நிமிஷம் ரெண்டரை நிமிஷமா ஆயிடும்.

— மஃபால்தா, நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாதே. நாலு நிமிஷம் தாமதமா இறக்கினா என்ன? ரயில் வர்றதுக்குள்ள அவன் தாண்டிடுவான். பாக்கி ஒரு நிமிஷம் இருக்கும். நான் தண்டவாளத்துல காதை வெச்சுக் கேக்கிறேன். பன்னெண்டு வருஷமா இந்தப் பாதையில தினம் நடக்கிறவன் நான், ரயில் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு என் காது சொல்லும்.

— முடியாது.

— உன் சொந்தத் தம்பிடி.

— அவன் தம்பி. ஏணியில உக்காந்திருக்கிறவன் யாரோட தம்பி? அவனுக்குப் பின்னாடி வர்ற வண்டிக்காரன் யாரோட தம்பி? கேட்டைத் திறந்து வெச்சு ஒருத்தன் செத்தா அந்த ரத்தம் என் கையில. மூடி வெச்சு இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல. ஒம்பது வருஷத்துல ஒரு தடவை கூட நான் கேட்டைப் பிந்தி இறக்கினதில்ல. இன்னைக்கும் இறக்க மாட்டேன். சட்டம் சட்டம்தான்.

— இரும்புல செஞ்சு தொப்பி வெச்ச மாதிரி இருக்கே நீ.

— இருக்கட்டும். நீ கேட்டை இறக்கிற சக்கரத்துகிட்டப் போ. கைப்பிடியைப் பிடிச்சுட்டு நில்லு. நான் உள்ள மணிகிட்ட நிக்கிறேன். இந்தச் சத்தத்துல வெளிய இருக்கிறவங்களுக்கு மணி கேக்காது. நான் சொன்னதும் சுத்து, ஒரு நொடி யோசிக்காதே.

— சுத்தறேன். கண்ணீரோட சுத்தறேன். கழுத்துல கயிறு போடறவன் மாதிரி சுத்தறேன்.

— அழுதுட்டே சுத்து, பரவாயில்ல. தடி இறங்கினாப் போதும்.

— தூசி கிளம்புது. கறுப்பு நெறத்துல… இல்ல, அது மோட்டார் சைக்கிள் போலீஸ். மணி என்ன ஆச்சு, மஃபால்தா?

— முப்பத்தெட்டே முக்கால்.

— சைப்ரஸ் மரத்துக்கிட்ட ஏதோ மின்னுது. நீல வண்டி. பெர்கோன்ஸியோடது நீலம். அவன்தான். சாத்தானே ஓட்டற மாதிரி வரான், ஆனா அழகா வரான், அதையும் சொல்லணும். வளைவுல வண்டி வில்லு மாதிரி…

— மணி அடிச்சிடுச்சு. சுத்து.

— என்ன? இப்பவா? நாப்பத்தொண்ணுன்னு…

— சுத்துன்னு சொன்னேன். ரயில் சீக்கிரம் கிளம்பியிருக்கும். மணி அடிச்சா இறக்கணும். எஜீதியோ, சுத்து.

— சுத்தறேன், சுத்தறேன். இறங்குது. இறங்கிடுச்சு. தாயே, அவன் பிரேக் போடற சத்தத்தைக் கேளு. நின்னுட்டான். தடியிலிருந்து ஒரு கை தூரம். மாதாவே, உன் கருணைக்குக் கரை உண்டா? கேக்காமலே குடுத்தியே.

— கேட்டைத் திறங்க. யாரு இங்க பொறுப்பு?

— நான்தான் கேட் கீப்பர், ஐயா. மஃபால்தா. ரயில் வருது.

— எந்த ரயில்? ஒரு புகையும் காணோம். மணி அடிச்ச மாதிரியும் தெரியலை.

— உங்க எஞ்சின் சத்தத்துல கோவில் மணி அடிச்சாலும் கேக்காது, ஐயா.

— பாருங்கம்மா, நான் பெர்கோன்ஸி. பொலோஞாவிலிருந்து வரேன். என் வகுப்புல நான் முதல்ல இருக்கேன். என் வண்டி தாழ்வு. காத்துக்கண்ணாடியை மடக்கிட்டுத் தலையைக் குனிஞ்சா இந்தத் தடிக்கு அடியிலேயே நுழைஞ்சுடுவேன்.

— நுழைஞ்சு பாருங்க. சிவப்புக் கொடியைத் தாண்டினவங்க நம்பரை எழுதி அனுப்பணும்னு சட்டம். அனுப்பினா உங்க பந்தயம் இங்கேயே முடிஞ்சுடும்.

— எவ்வளவு நேரம் ஆகும்?

— மணி அடிச்சதிலிருந்து அஞ்சு நிமிஷம். சில நாள் ஆறு. எஞ்சினை அணைச்சுடுங்க, சூடாயிடும். எஜீதியோ, ஐயாவுக்குத் தண்ணி குடு.

— இந்தாங்க, ஐயா. மொச்சை சாப்பிடுங்க, பாலாடைக்கட்டி இருக்கு. எங்க ஊர்ல மே ஒண்ணாந் தேதி இதைச் சாப்பிடாமப் போனா அந்த வருஷம் பூரா பசியாம்.

— நன்றி. நிஜமாவே நல்லா இருக்கு. ராத்திரியிலிருந்து ஒரு ஆரஞ்சுதான் உள்ள போயிருக்கு. உங்க பேரென்ன?

— எஜீதியோ. வாரம் பூரா தண்டவாளத்துல நடக்கிறேன், ஞாயித்துக்கிழமை கோவில்ல பாடறேன். ஐயா, இது என்ன, வண்டி மூக்குல மாதா படமா?

— எங்க அம்மா வெச்சது. அது இல்லாம என்னை வீட்டு வாசலைத் தாண்ட விட மாட்டாங்க.

— நல்ல அம்மா. அதோ, அதோ வருது. செகப்பு. மஃபால்தா, செகப்பு வண்டி. பறக்குது பாரு, எங்கிருந்து கத்துக்கிட்டான் இதை? உல்தேரிகோ, நிறுத்து, கேட் மூடியிருக்கு, நிறுத்துடா. நிறுத்திட்டான். பெர்கோன்ஸிக்குப் பக்கத்துலேயே நிறுத்திட்டான்.

— என்ன கத்தறான் அவன்?

— உன்னைத்தான், மஃபால்தா. "அக்கா, திற"ங்கிறான். உன் கேட்டைக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்கிறான். பாக்கியை நான் சொல்ல மாட்டேன், இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. டேய், திட்டாதே, கணக்குப் பண்ணு. உனக்கு நாலு நிமிஷம் முன்னாடி கிளம்பினவன் உன் பக்கத்துல நிக்கிறான். பக்கத்துலடா. நாலு நிமிஷமும் இப்ப உன் பையில. ஆ, இப்பப் புரிஞ்சுது. சிரிக்கிறான், பல்லு மட்டும் வெள்ளையாத் தெரியுது.

— அக்காவா? அம்மா, அந்த ஆளு உங்களை அக்கான்னா கூப்பிட்டான்?

— ஆமா. என் தம்பி.

— நல்லது. இப்ப விளங்குது. தம்பிக்கு முன்னாடி ஓடறவன் வர்ற நேரத்துல கேட் இறங்குது. ரயில் மட்டும் வரலை.

— நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, ஐயா. நம்பவும் வேண்டாம். அவன் அக்கா நான். என் வீட்டுக்காரரைக் கேளுங்க. கேட்டை இறக்கினது அவர் கை. பொய் சொன்னா அவருக்கு விக்கல் வரும், ஊருக்கே தெரியும்.

— சரி. எஜீதியோ, உங்களைக் கேக்கிறேன். பந்தயம் முடியற பிரேஷ்யாவில நடுவர்கள்கிட்ட நான் புகார் எழுதிக் குடுத்தா, அவங்க இங்க வந்து விசாரிப்பாங்க. அதுக்கு முன்னாடி என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. மணி அடிச்சப்புறம்தான் கேட்டை இறக்கினீங்களா?

— ஐயா, நான் இவளைக் கெஞ்சினேன். என் மச்சினனுக்காகக் கேட்டைத் திறந்து வையுன்னு கொஞ்ச நேரம் முன்னாடி கெஞ்சினேன், அந்த வெக்கக்கேட்டை உங்ககிட்ட மறைக்கலை. முடியாதுன்னுட்டா. ஒம்பது வருஷமா ஒரு நொடி தப்பாதவ. உங்க வண்டி மூக்குல இருக்கிற மாதா மேல கையை வெச்சுச் சொல்றேன். மணி அடிச்சது. அடிச்சப்புறம்தான் இறக்கினேன்.

— விக்கல் வரலையே.

— வராது, ஐயா.

— அப்ப நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்குங்கம்மா. உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

— ரயில் வருது, தள்ளி நில்லுங்க.

— வந்துட்டான் நம்ம கரும்பூதம். போ, போ, சீக்கிரம் போ, என்ன இவ்வளவு பெட்டி இன்னைக்கு? கடைசிப் பெட்டி. தாண்டிடுச்சு. தூக்கறேன், மஃபால்தா. ரெண்டு எஞ்சினும் ஒண்ணாக் கிளம்புது. தோளோட தோள் உரசிட்டுப் போறாங்க. நீலம் முந்துது, பரவாயில்ல, முந்தட்டும். செகப்பு வாலைப் பிடிச்சுக்கிட்டா போதும். மஃபால்தா, வெளிய வந்து பாரேன். இதைப் பாக்காம உள்ள என்ன பண்றே?

— வரேன். கையில ஒரு வேலை.

*

— ஜெயிச்சுட்டான். மஃபால்தா, ஜெயிச்சுட்டான். பார்ல போன் வந்துது, அவன் குரலையே நான் கேட்டேன். இருபது செகண்ட். ஆயிரம் மைல் ஓடி இருபது செகண்ட்ல ஜெயிச்சிருக்கான். அந்தப் பெர்கோன்ஸி மலையெல்லாம் தாண்டிப் பாவி மாதிரித் துரத்தியிருக்கான், மூணு நிமிஷம் நாப்பது செகண்டைத் தின்னுட்டான், பாக்கி இருபது செகண்டைத் தின்ன முடியலை. இஞ்சினியர் அங்கேயே இவன் தோளைப் பிடிச்சுட்டாராம். பெல்ஜியம் காகிதத்தைக் கிழிச்சுப் பிரேஷ்யாத் தெருவுல போட்டுட்டானாம்.

— கிழிச்சுட்டானா? நிஜமாவா?

— நாலாக் கிழிச்சேன்னான். அழறியா நீ? தொப்பி வெச்ச இரும்பு அழுமா? அழு, அழு. இதைக் கேளு, இதுதான் பெருசு. பெர்கோன்ஸி ஆளுங்க கேட் விஷயத்தைப் புகாரா எழுதச் சொல்லி அவன் கையில பேனாவைக் குடுத்தாங்களாம். இவன் திருப்பிக் குடுத்துட்டானாம். "கேட்ல ஒரு பாட்டுக்காரர் எங்க அம்மா வெச்ச படத்து மேல சத்தியம் பண்ணினார், எனக்கு அது போதும்"னானாம். உல்தேரிகோவே பக்கத்துல நின்னு கேட்டிருக்கான்.

— அப்படியா சொன்னான், அந்த மனுஷன்?

— அப்படியே. என் பாட்டுல அவனுக்கும் ஒரு அடி வெச்சிருக்கேன். சாமியார் காத்துட்டு இருக்கார், ஊரே கோவில்ல கூடியாச்சு. நீ முதல் வரிசையில உக்காரணும். எழுந்திரு. முக்காடு போட்டுக்கோ.

— நான் வரலை.

— ஜெயிச்ச அன்னைக்கு நன்றி சொல்லாம இருக்கிறதா? எங்க வெச்சிருக்கே அதை? சொல்லு, நானே எடுத்துட்டு வரேன்.

— உக்காரு, எஜீதியோ.

— உக்கார நேரம் இல்ல. முக்காடு எங்கடி?

— கிழிஞ்சு போச்சு. காலையில ஆறு மணி ரயில் போனதும் மணியோட நாக்குல அதைச் சுத்திக் கட்டினேன், நிஜ மணி அடிக்கிறப்ப யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு.