ஒரு நாளைக்கு ஒரு விரக்கடை

ஜெகதீஸ்வரி அவர்களுக்கு,

உங்கள் கடையில் காபி நன்றாக இருக்கும். சீனி மட்டும் கொஞ்சம் தூக்கல். முன்பே சொல்லியிருக்கலாம், மாஸ்டர் நல்லகண்ணு மனசு கஷ்டப்படுமே என்று சொல்லவில்லை. அடுத்தவர் மனசு கோணாமல் நடந்துகொள்வது என் சுபாவம். கீழே வருவதைப் படிக்கும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த விஷயங்களும் இதில் வரும். நாளைக்கு வேறு யாராவது எடுத்துப் படித்தாலும் விளங்க வேண்டும். மனு எழுதுவதில் அதுதான் முறை.

என் ஊர் திருச்சுழிக்குத் தெற்கே. காடு கரை உண்டு. மழை பெய்தால் கொத்தமல்லி போடுவோம், பெய்யாவிட்டால் ஆபீசுக்கு மனுப் போடுவோம். அப்படி ஊர்ச்சனத்துக்கு மனு எழுதிக் கொடுத்துத்தான் எனக்கு இந்தத் தொழில் வந்தது. பயிர் இன்சூரன்ஸ், வருமானச் சான்று, ரேசன் கார்டில் பெயர் திருத்தம் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதற்காக ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். அதில் பேட்டரி பேருக்குத்தான். பிளக்கைப் பிடுங்கினால் ஒரு கொட்டாவி விடும் நேரம் தாங்கும்.

உங்கள் அப்பா பருத்திக்கொட்டை விற்ற கடையை நீங்கள் ஏசி போட்டுக் காபிக்கடை ஆக்கியபோது, அருப்புக்கோட்டையில் லேப்டாப்போடு உட்கார ஓர் இடம் வந்ததே என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்து எட்டரைக்கு வந்துவிடுவேன். மணிக்கு ஒரு காபி வாங்குவேன். போனில் பேசினால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவேன். நாலு பேர் மேசையில் தனியாக உட்கார மாட்டேன். இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் நீங்களே சொன்னீர்கள்:

“மாரியண்ணே, மத்தவுகளும் ஒங்களை மாதிரி இருந்தா எனக்கு என்ன கொறை? கம்ப்யூட்டரு வச்சிருக்கவுக எப்படி நடந்துக்கணும்னு ஒரு பேப்பருல எழுதிக் குடுங்க, ஒட்டிப்புடுவோம்.”

எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் சுவரில் இருக்கிறது. மற்றவர் பிளக்கைத் தொடக் கூடாது, மற்றவர் மேசையை எட்டிப் பார்க்கக் கூடாது, காதில் ஹெட்போன் மாட்டியிருப்பவரைக் கூப்பிடக் கூடாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவரக் கூடாது என்று மொத்தம் பதினொன்று. இந்தப் பதினொன்றில் ஒன்றைக்கூட நான் மீறியதில்லை. மேசையை நகர்த்துவதைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை.

இடது சுவர் ஓரமாக, உள்ளேயிருந்து வந்தால், முதலில் கை கழுவும் குழாய். அதை ஒட்டி என் மேசை. அடுத்து யுவராணியின் மேசை. அப்புறம் கண்ணாடிக் கதவு, ஒரு படி, ரோடு. கடைக்கே ஒரே பிளக்கு. அது யுவராணி மேசைக்கு நேர் மேலே.

யுவராணி பாளையம்பட்டிப் பிள்ளை. பக்கத்துக்கு இவ்வளவு என்று ஏதோ கம்பெனிக்கு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை. கடை திறந்த முதல் நாளிலிருந்து அந்த மேசை அவளுக்கு என்று ஆகிவிட்டது. அவளிடம் போய் “எந்திரி” என்று சொல்வது நாகரிகமா? நான் சொல்லவில்லை. குழாயடியில் உட்கார்ந்து, கை கழுவுகிறவர்கள் தெறித்த தண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அவள் சாப்பிடப் போகும் அரைமணி நேரம் மட்டும் அனுமதி கேட்டு சார்ஜ் போட்டுக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் வாழ்நாளில் யாரோடும் சண்டை போட்டதில்லை. எங்கள் மல்லிக்காட்டுக்கும் பக்கத்துக் காட்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு. ஒவ்வொரு உழவுக்கும் அந்த வரப்பில் நம் பக்கம் ஒரு விரக்கடை, அதாவது ஒரு விரல் அகலம், செதுக்குவார். செதுக்கிய மண்ணை அந்தப் பக்கம் அணைத்துவிடுவார். வரப்பு மெலியக் கூடாது, நகர வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரர் கடைசிவரை எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து மொய் செய்தார். அளந்து பார்த்தபோது அவர் நிலத்தில் ஏழு சென்ட் எங்களிடம் இருந்தது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

தைப்பொங்கல் லீவு கழித்து நீங்கள் கடையை மறுபடி திறந்த அன்று நானும் ஆரம்பித்தேன். நான் வருவது எட்டரை, அவள் வருவது ஒன்பது. நல்லகண்ணு பால் காய்ச்சிக்கொண்டிருப்பார். முதலில் அவள் மேசையைக் கதவுப் பக்கம் ஒரு விரக்கடை. பிறகு என் மேசையை அதே அளவு. நடு இடைவெளி மாறக் கூடாது. மாறினால் கண்ணில் படும். தூக்கித்தான் வைப்பேன். இழுத்தால் டைல்ஸில் கோடு விழும், உங்கள் தரை கெட்டுவிடும்.

ஒரே ஒருநாள் நல்லகண்ணு திரும்பிப் பார்த்துவிட்டார்.

“என்னண்ணே, மேசையத் தூக்கிக்கிட்டு நிக்கிறீக?”

“பேனா உருண்டுருச்சு நல்லகண்ணு.”

“ஒரு பேனாவுக்கு ரெண்டு மேசையத் தூக்குறீகளே, அம்புட்டு வெலையா?” என்று கேட்டுவிட்டு, “இருங்க, நானும் ஒரு கை பிடிக்கிறேன்” என்று வந்து பிடித்தார். அன்றைக்கு மட்டும் மூன்று விரக்கடை ஆகிவிட்டது. அதற்காக அடுத்த இரண்டு நாள் சும்மா இருந்தேன். மாசிக் களரிக்குக் குலசாமி கும்பிடக் கடை பூட்டிய இரண்டு நாளையும் இதேபோல் பின்னால் சரிக்கட்டினேன். கணக்கில் நான் ஏமாற்றுகிறவன் இல்லை.

மாசி பிறந்தபோதே யுவராணியின் சார்ஜர் வயர் விறைப்பாக நிற்க ஆரம்பித்திருந்தது. மாசிக் கடைசியில் அவள் உங்களிடம் சொன்னது உங்களுக்கே நினைவிருக்கும்.

“அக்கா, என் வயரு சுருங்குதுக்கா.”

“வயரு எங்கயாச்சும் சுருங்குமாடி?”

“நெசமாக்கா. போன மாசம் இந்தா இம்புட்டுத் தொங்கும். இப்ப வீணைக் கம்பி கணக்கா நிக்கி, பாருங்க.”

“அப்ப வெயிலுக்குத்தான் சுருங்கியிருக்கும். நம்மூரு வெயிலு என்னத்தத்தான் விட்டு வச்சுது?”

என்னையும் கேட்டீர்கள். ரப்பர் சுருங்கும் குணமுள்ளது என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். பேனாவையும் சேர்த்தால் இரண்டு.

பங்குனி முதல் வாரம் வயர் எட்டவே இல்லை. அவள் எழுந்து நின்று, முனையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிளக்கு அப்போது என் தலைக்கு மேலே இருந்தது.

“எனக்கு எட்டலண்ணே. நீங்களே போட்டுக்கங்க. நான் வீட்டுல சார்ஜு ஏத்திட்டு வாரேன், ரெண்டு மணி நேரம் நிக்கும்” என்றாள்.

நான் கேட்கவில்லை. அவளாகவே கொடுத்தாள். ஒரு காபியும் நான் வாங்கிக் கொடுத்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் காலையில் வந்ததும் கை தானாகப் போகிறது. என் மேசை பிளக்கடியில் நின்றுவிட்டது. அவள் மேசையை மட்டும் தினம் ஒரு விரக்கடை தள்ளினேன். பக்கத்தில் ஆள் நெருக்கமாக இருந்தால் எனக்குக் கவனம் சிதறும்.

சித்திரையில் அவள் மேசை கதவுக்கு வந்துவிட்டது. கதவு சாத்த முடியாமல் நீங்கள் அதைக் கயிற்றால் கட்டி வைத்தீர்கள். ஏசி குளிரவில்லை என்று ஆள் கூப்பிட்டு கேஸ் அடைத்தீர்கள். கொஞ்ச நாளில் மேசையின் முன்கால் இரண்டும் வெளிப்படிக்குப் போய்விட்டன. அப்போதும் நல்லகண்ணு, “வெளிய மேசை போடுறதுதான் இப்ப டவுனுல ஃபேசனு” என்று உங்களுக்குச் சமாதானம் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. கடை நடத்துவது உங்கள் வேலை.

இனி அந்த வியாழக்கிழமை.

யுவராணிக்குப் பதினொரு மணிக்கு லேப்டாப்பிலேயே இன்டர்வியூ. அந்தக் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு நிரந்தர வேலை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். கிடைக்காவிட்டால் தினம் இரண்டு பஸ் மாறி சிவகாசிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இதை ஒரு வாரமாக உங்களிடமும் நல்லகண்ணுவிடமும் என்னிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பாளையம்பட்டியிலும் நம் கடைப் பக்கமும் காலையிலிருந்து கரண்டு நிறுத்தம். பேப்பரில் போட்டிருந்தார்கள், நான் பேப்பர் ஒரு வரி விடாமல் படிக்கிறவன். உங்கள் கடையில் இன்வெர்ட்டர் இருந்ததால் எனக்குக் கவலை இல்லை.

பத்தே முக்காலுக்கு ஓடி வந்தாள். நல்ல சுடிதார், நெற்றியில் திருநீறு. லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, “ஐயோ, சார்ஜு பதினாலு பர்சென்ட்டுதான் இருக்கு” என்றாள். எழுந்து என் மேசைக்கு வந்தாள்.

நான் ஹெட்போன் மாட்டியிருந்தேன்.

“மாரியண்ணே” என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், மெதுவாக, “அண்ணே, ஒரு அரைமணி நேரம் பிளக்கு” என்றாள். பிறகு அவள் கண் சுவரில் இருந்த பேப்பருக்குப் போனது. ஹெட்போன் மாட்டியிருப்பவரைக் கூப்பிடக் கூடாது. வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனாள். எழுதி ஒட்டியதை மதிக்கிற பிள்ளைகள் இந்தக் காலத்தில் குறைவு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்டர்வியூ ஆரம்பித்தது. இரண்டு நிமிடத்தில் டவுன் பஸ் வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. கண்டக்டர், “பாளையம்பட்டி, பாளையம்பட்டி! ஏம்மா, ஏறுறியா இல்லையா? வழியில மேசையப் போட்டுக்கிட்டு” என்று சத்தம் போட்டார். லேப்டாப்புக்குள்ளிருந்து ஒருவர், பஸ் ஸ்டாண்டிலா இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“இல்ல சார், ஆபீஸ் மாதிரி ஒரு எடம் சார்” என்றாள்.

அந்நேரம் ஒரு வெள்ளாடு படியேறி, மேசை மூலையில் அவள் வைத்திருந்த பேப்பரைத் தின்ன ஆரம்பித்தது. அவள் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். ஆனால் மற்றவர் மேசையில் இருப்பதைப் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் பார்த்ததாகச் சொல்வது எப்படி? லேப்டாப்புக்குள் இருந்தவர்தான் முதலில், “மேடம், ஆடு” என்றார்.

பதினொன்று இருபதுக்கு, “உங்களுடைய பலம் என்ன” என்று கேட்டபோது, திரை அணைந்தது. பதில் சொல்வதற்காகத் திறந்த வாய் அவளுக்குக் கொஞ்ச நேரம் மூடவில்லை.

நான் எழுந்து போய், ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “என்னம்மா, ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே” என்றேன். அவள் அழுதாள். உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அன்று மத்தியானம் அவள் உங்களிடம் போனைக் காட்டியதாகச் சொன்னீர்கள். தினம் காபியைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் பழக்கம் அவளுக்கு இருந்ததை நான் கவனிக்கவில்லை. வரிசையாகத் தள்ளிப் பார்த்தால், காபிக்குப் பின்னால் பிளக்கு நடந்து போகிறதாம். இது என் பக்கத்தில் விடுபட்டது. ஒத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதச் சொன்னதால் இன்னும் இரண்டு. அன்று என் காதில் இருந்த ஹெட்போனின் வயர் என் சட்டைப்பைக்குள் இருந்தது. எதிலும் செருகவில்லை. இரண்டாவது, மாசிக் களரி முடிந்து வந்த அன்றே என் லேப்டாப் நின்றுவிட்டது. இன்றுவரை ஓடவில்லை. மூடியைத் திறந்து வைத்து, அதன் மறைவில் நோட்டில் எழுதி, சாயங்காலம் திருச்சுழியில் பிரவுசிங் சென்டரில் கொடுத்து ஏற்றிக்கொள்கிறேன். ஆனால் பிளக்கில் போட்டால் சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு எழுதினால் எழுத்து நன்றாக வருகிறது. இந்தக் கடிதமும் அப்படி எழுதியதுதான்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். வருகிற புதன்கிழமை பதினொரு மணிக்கு அவளுக்கு இன்னொரு தரம் கொடுத்திருப்பதாகவும், அதற்குள் மேசை பழைய இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். நியாயம். தவறு செய்தவனே சரிசெய்ய வேண்டும். நாளைக் காலையே ஆரம்பிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு விரக்கடை. ஒரேயடியாக நகர்த்தினால் அந்தப் பிள்ளைக்குக் கவனம் சிதறும். ஏற்கெனவே மனசு நொந்திருக்கிறாள். ஆவணி பிறப்பதற்குள் மேசை பழைய இடத்துக்கு வந்துவிடும்.

அதுவரை பிளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாரிக்கண்ணன்